தீவனத் தட்டில் என் தங்கச்சி

ஜனவரி 7, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று கம்பெனிக்காரர் சேவியரிடம், அந்த ஃபீடு எத்தனை கிலோ மூட்டை என்று கேட்டுவிட்டேன்.

என் மேல் தப்பில்லை. எருமப்பட்டியில் இருபத்திரண்டு வருடமாகத் தீவனக் கடை நடத்துகிறவளிடம் வந்து ஃபீடு என்றால் அவள் வேறு என்ன நினைப்பாள். கோழி ஃபீடு, குஞ்சு ஃபீடு, மாட்டு ஃபீடு, இந்த மூன்றும்தான் எனக்குத் தெரிந்த ஃபீடு. சேவியர் செவ்வாய்க்கிழமை தோறும் திருச்சியிலிருந்து ஆர்டர் எடுக்க வருவார். முட்டை விலை என்ன என்று சும்மா கேட்டேன். போனை ஒரு தடவு தடவிச் சட்டென்று சொன்னார். எப்படி என்றேன். ஃபீடு போட்டு வைத்திருக்கிறேன், நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள், காசு கிடையாது என்றார். இலவச ஃபீடு என்றதும் வாய் முந்திக்கொண்டது.

அவர் சிரித்து முடிப்பதற்குள் வாங்கி வைத்த டீ ஆறிவிட்டது. பிறகு விளக்கினார். இணையத்தில் ஆளாளுக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். புதிதாக ஏதாவது எழுதினார்களா என்று ஒவ்வொரு பக்கமாகப் போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இந்த ஆப்பில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துவிட்டால் போதும். அங்கே எது எழுதினாலும் இங்கே வந்து விழும். இதற்குத் தமிழில் செய்தியோடை என்று பெயராம். எங்கள் ஊர் ஓடையில் தண்ணீர் வந்தே எட்டு வருடம் ஆகிறது, அந்தப் பெயர் எனக்கு ஒட்டவில்லை. கோழிக்கு முன்னால் தட்டு வைத்திருப்போம், மேலே இருந்து தீவனம் தானாக இறங்கும். அந்த மாதிரி என்று புரிந்துகொண்டேன். நான் தட்டு என்றே எழுதப் போகிறேன்.

முட்டை விலை அறிவிக்கிற பக்கம் ஒன்று, கால்நடை நோய் அறிவிப்பு ஒன்று. இரண்டையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த டைரியும் அவர் கொடுத்ததுதான். பக்கத்துக்குப் பக்கம் தலைப்பில் ஒரு கோழி. நாலாங்கிளாஸோடு நின்றவளுக்கு டைரி எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எழுத வராவிட்டால் கோழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஜனவரி 8, புதன்

தட்டில் மூன்றாவதாக ஒன்றை நானே போட்டேன். எது என்று எழுத மாட்டேன்.

தவிட்டு மூட்டையில் எலி. பூனை வளர்க்க வேண்டும் என்றேன். சமைப்பதே இரண்டு பேருக்குத்தான், அதில் பூனைக்கு எங்கே பங்கு என்றார் வீட்டுக்காரர்.

ஜனவரி 10, வெள்ளி

முட்டை ஐந்து பைசா இறங்கியது. மூன்றாவதிலும் ஒன்று விழுந்தது.

சரி, எழுதிவிடுகிறேன். கோழியைத் தவிர இதை யார் பார்க்கப் போகிறார்கள். மூன்றாவது என் தங்கச்சி சுலோச்சனாவின் பக்கம். தபால் ஆபீசில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கோயமுத்தூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் நாலாவது மாடியில் இருக்கிறாள். கட்டியவர் போய் ஆறு வருடம். மகள் கல்யாணமாகிக் கனடாவில். பக்கத்துக்குப் பெயரே ‘நாலாம் மாடி’. பால்கனியில் நின்றால் கண்ணில் படுவதை எழுதுவாள். புறா, தண்ணீர் லாரி, வாட்ச்மேன், எதிர் மாடியில் காயும் லுங்கி.

எங்களுக்குள் பதினான்கு மாதமாகப் பேச்சு இல்லை. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவள் மகள் கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குள் அந்தப் பக்கத்தின் முகவரியைச் சின்ன அட்டையாக அடித்துப் போட்டிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களிடம், இவள் பக்கத்துக்குத் தினமும் இரண்டு பேர் வருகிறார்கள், ஒன்று இவள், இன்னொன்று இவள் கண்ணாடி என்றேன். பந்தியே சிரித்தது. முதலில் சிரித்தது சம்பந்தி, நான் இல்லை. சுலோச்சனாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது. கையில் ரச வாளி வைத்திருந்தாள். அதைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் சொந்தக்காரர்கள் குரூப்பில் அவள் பெயர் இல்லை. என் நம்பரையும் அடைத்துவிட்டாள்.

தமாஷுக்குச் சொன்னது. பந்தியில் தமாஷ் பேசாமல் பூகோளமா பேசுவார்கள்.

வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் பார்த்தால் யார் பார்த்தது என்று காட்டிக் கொடுத்துவிடும். தட்டு காட்டிக் கொடுக்காது என்று சேவியர் சொல்லியிருந்தார். அதனால்தான் போட்டேன். பாசம் கீசம் ஒன்றும் இல்லை. என்னென்ன தப்பாக எழுதுகிறாள் என்று ஒருத்தர் பார்த்துக்கொள்ள வேண்டாமா.

இன்று எழுதியிருப்பது புறாவைப் பற்றி. அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்திருக்கிறாள். வரும், உட்காரும், நாலு பக்கமும் பார்க்கும், ஒன்றும் செய்யாமல் போய்விடும் என்பதால். வாக்கியமெல்லாம் துண்டு துண்டாக, ஒன்றாங்கிளாஸ் பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறது. பட்டம் வாங்கியவள் எழுதுகிற எழுத்தா இது. ஒரே மூச்சில் படித்துவிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கடை லீவு.

தட்டில் விழுந்தது: ‘குக்கரில் பொங்கல் வைத்தேன். மூன்று விசில். பொங்கலோ பொங்கல் என்று சொல்ல ஆள் இல்லை. விசிலே போதும்.’

எங்கள் பானை கிழக்கே பொங்கியது. பானை கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. பாதிப் பொங்கல் மாட்டுக்கு.

ஜனவரி 21, செவ்வாய்

தாசில்தார் ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் இரண்டு முட்டை வைத்திருக்கிறதாம். ஆகவே தாசில்தார் அம்மா என்று மாற்றி எழுதியிருக்கிறாள். அது சரி. ஆனால் புறா முட்டை முப்பது நாளில் பொரியும் என்று எழுதியிருக்கிறாள். கோழிக்கே இருபத்தொன்று. புறாவுக்குப் பதினெட்டு.

காலையில் புண்ணாக்கு வாங்க வந்த நல்லசாமி அண்ணனிடம் பதினெட்டு என்றேன். புண்ணாக்கு பதினெட்டு ரூபாய் ஏறிவிட்டதா என்று பயந்துபோனார். சேவியரிடமும் சொன்னேன். சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் மூன்று தடவை சொன்னேன். எங்களிடம் சொல்லி என்ன, எழுதினவளிடம் சொல் என்றார். தட்டில் வாய் கிடையாது, காது மட்டும்தான் என்றேன்.

ஜனவரி 29, புதன்

எட்டு நாளாக மூன்றாவதில் ஒன்றும் விழவில்லை. விரலால் கீழே இழுத்துவிட்டால் புதிதாக இருப்பது வரும் என்று சேவியர் காட்டியிருந்தார். இழுத்தேன். நெட்வொர்க் சரியில்லை. முட்டை விலை மட்டும் எப்படியோ வருகிறது.

ஜனவரி 31, வெள்ளி

கோழிக் கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி முகாம் என்று இரண்டாவதில் அறிவிப்பு வந்தது. கடை வாசலில் சாக்பீஸால் எழுதிப் போட்டேன்.

வேறு ஒன்றும் விழவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

விழுந்தது. ‘லிஃப்ட் பத்து நாளாக ஓடவில்லை. படியில் இறங்கினேன். மூன்றாம் மாடியில் கால் பிசகியது. கட்டு போட்டிருக்கிறது. வாட்ச்மேன் பால் வாங்கித் தருகிறார். தாசில்தார் அம்மா வந்து பார்த்தார். நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை.’

நாலாவது மாடி வேண்டாம், முழங்கால் போன பிறகு தெரியும் என்று அவள் வீடு வாங்கும்போதே சொன்னேன். கேட்டாளா. நன்றாக வேண்டும்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. கத்தரிக்காய் முற்றல்.

நாளை வீட்டுக்காரர் கோயமுத்தூர் போகிறார், தராசு ரிப்பேர் செய்ய. நாமக்கல்லிலும் செய்வார்கள்தான். கோயமுத்தூரில் நன்றாகச் செய்வார்கள். வெறுங்கையோடு போக வேண்டாமே என்று முருங்கைக்காய் ஒரு கட்டு, நாட்டுக்கோழி முட்டை முப்பது, வலிக்குத் தேய்க்கிற எண்ணெய் ஒரு பாட்டில் கட்டி வைத்தேன். வழியில் யாருக்காவது தேவைப்படலாம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வீட்டுக்காரர் திரும்பிவிட்டார். தராசு எங்கே என்றேன். எடுத்துப் போக மறந்துவிட்டாராம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பருத்திக்கொட்டை புடைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கால் வீக்கம் வடிந்துவிட்டதாம். கதவைத் திறந்தவள் இவரைப் பார்த்ததும் அசந்துபோய், கால் பிசகியது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறாள். என் பெயரைச் சொல்லக் கூடாது என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

“நாந்தான் உன்ற பக்கத்தத் தெனமும் படிக்கறனே அம்மிணி” என்றிருக்கிறார் இவர்.

“அப்படீங்களா மாமா. அந்தப் புறா பேரு என்னங்க?”

இவர் ரொம்ப நேரம் யோசித்து, “மாடப்புறா” என்றாராம்.

அவள் இவரை மேலும் கீழும் பார்த்திருக்கிறாள். இவருக்குப் பதற்றமாகி, அது பதினெட்டு நாளில் பொரிக்கும், முப்பது இல்லை என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும் சுலோச்சனா சிரித்தாளாம். கட்டுப் போட்ட காலை நாற்காலி மேல் வைத்துக்கொண்டு, காபி ஆறுகிற வரைக்கும் சிரித்தாளாம். என்ன சிரிப்பு என்றேன். தெரியவில்லை, பதினெட்டில் சிரிக்க என்ன இருக்கிறது என்கிறார்.

என்னைப் பற்றிக் கேட்டாளா என்று நான் கேட்கவில்லை. கடையில் வியாபாரம் எப்படி என்று மட்டும் கேட்டாள் என்று அவரே சொன்னார். கடை என்னுடையது. அதைக் குறித்து வைக்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். மோகனூர் வரைக்கும் காவடிக் கூட்டம், வண்டி நகரவில்லை.

தட்டில்: ‘புறா முட்டை பதினெட்டு நாளில் பொரியும். போன முறை தவறாக எழுதிவிட்டேன். திருத்தியவருக்கு நன்றி.’

படித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். நன்றியாம், இவருக்கு.

பிப்ரவரி 19, புதன்

தட்டில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்.

‘இந்தப் பக்கத்துக்கு நேற்று வந்தவர்கள் பூஜ்யம். போன மாதம் முழுவதும் பதினொன்று. அதில் ஒன்பது நானே. எழுதுவது பிடிக்கும். சுவரிடம் பேசுவது பிடிக்கவில்லை. மார்ச் 15-ஆம் தேதியோடு ஒரு வருடச் சந்தா முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை. நாலாம் மாடி அன்றோடு மூடப்படும். தாசில்தார் அம்மாவின் முட்டைகள் பொரிந்துவிட்டன. கடமை முடிந்தது.’

பூஜ்யமா? அப்போது நான் எதில் சேர்த்தி. ஒன்று விடாமல் படித்திருக்கிறேன். எதிர் மாடி லுங்கி பற்றியது சுமார், அதையும் இரண்டு தடவை படித்தேன். தபால் ஆபீசில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு எண்ணத் தெரியவில்லை என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவர் தான் ஓட்டுகிற குட்டியானை லோடு வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“நீதான அன்னைக்குப் பந்தியில ரெண்டு பேருன்ன. இப்ப அதும் இல்லைங்கறா.”

இன்று குழம்புக்கு உப்புப் போடவில்லை. வேண்டும் என்றுதான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஒரு வாரம் சேவியருக்காகக் காத்திருந்தேன். வந்ததும் ஆர்டர் கொடுக்காமல் முதலில் இதைக் கேட்டேன். நான் தினமும் படிக்கிறேன், அவள் பூஜ்யம் என்கிறாள், யார் பொய் சொல்கிறோம்.

யாரும் இல்லை என்றார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். அவள் பக்கத்துக்கு வாசலில் ஒரு எண்ணிக்கைப் பெட்டி இருக்கிறது. வாசல் வழியாக யார் நுழைந்தாலும் அதில் ஒன்று ஏறும். நான் ஒரு நாளும் வாசல் வழியாகப் போகவில்லை. அவள் எழுதியது முழுவதும் என் தட்டுக்கே வந்துவிடுகிறது. நான் இங்கேயே தின்றுவிடுகிறேன்.

“நீங்க படிச்சது உங்களுக்குத்தான்க்கா தெரியும். அவங்களைப் பொறுத்தவரை நீங்க வரவே இல்ல.”

யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் போட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஃபீடு நன்றாக வேலை செய்கிறது.

சேவியர் போன பிறகுதான் ஆர்டர் கொடுக்க மறந்தது ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 26, புதன்

வாசல் வழியாகப் போனேன். பக்கத்தின் அடியில் பெட்டி இருக்கிறது. ‘இன்று வந்தவர்கள்: 1’ என்று காட்டியது. அது நான். வெளியே வந்து மறுபடியும் போனேன். 2. மூட்டை தூக்கி வைத்துவிட்டு வந்து ஒரு தடவை, தவிடு அளந்துவிட்டு ஒரு தடவை. சாயங்காலத்துக்குள் அறுபத்தொன்று. நல்லசாமி அண்ணன் போனையும் வாங்கி இரண்டு தடவை போனேன். என்ன அம்மிணி ஓட்டுப் போடறயா என்று கேட்டார். கிட்டத்தட்ட அதுதான் என்றேன்.

பெருவிரல் வலிக்கிறது. கோயமுத்தூருக்கு அனுப்பின எண்ணெயில் மிச்சம் கொஞ்சம் இருந்தது, தேய்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

‘புதன்கிழமை அறுபத்துமூன்று வருகை. எல்லாம் சென்னை என்று காட்டுகிறது. அத்தனையும் ஒரே ஆள் என்று நினைக்கிறேன். சென்னை அன்பரே, நீங்கள் யார்? நிறையப் படித்தவராக இருக்க வேண்டும்.’

சேவியருக்குப் போன் போட்டேன். போன் கம்பெனியின் இணைப்பு சென்னை வழியாகப் போனால் ஆள் எங்கிருந்தாலும் சென்னை என்றே சில நேரம் காட்டும் என்றார். ஐம்பத்துநாலு வயதில் சென்னையை ஒரே தடவைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் ஒரு கல்யாணத்துக்குப் போய் மண்டபத்தோடு திரும்பிவிட்டேன். இப்போது எருமப்பட்டியில் புண்ணாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு நிறையப் படித்த சென்னைக்காரியாக இருக்கிறேன்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, மெட்ராஸ்காரிக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவாங்க என்றேன். கொண்டுவந்தார்.

மார்ச் 4, செவ்வாய்

சென்னை அன்பருக்கு என்று தலைப்புப் போட்டே எழுதுகிறாள். லிஃப்ட் சரியாகிவிட்டது சென்னை அன்பரே. கட்டுப் பிரித்தாயிற்று சென்னை அன்பரே. மூன்றாவதாக, இயந்திரங்களும் இப்படிப் பக்கம் பக்கமாகப் போய் வருமாம், அதனால் ஒரு சந்தேகம் இருக்கிறதாம். ‘நிஜமான ஆள் என்றால் கீழே ஒரே ஒரு வரி எழுதுங்கள். எழுதினால் மூட மாட்டேன்.’

அந்தச் சென்னைக்காரி மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பதினாறு மாதமாக எனக்கு ஒரு ‘நலமா’ இல்லை. இவளுக்குக் கட்டுப் பிரித்த சேதி.

ஆனாலும் வழி கிடைத்துவிட்டது. சென்னையிலிருந்து எஸ். வசந்தா, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, உங்கள் எழுத்து அருமை என்று ஒரு வரி போட்டுவிட்டால் பக்கம் பிழைத்துக்கொள்ளும். சொன்னதும் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். நல்ல யோசனை என்கிறார் என்று நினைத்தேன்.

“பக்கம் தொறந்திருக்கும். நீங்க ரெண்டு பேரும் மூடித்தான இருப்பீங்க, பாவாயி” என்றார்.

இந்த மனிதர் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார். அதில் ஒன்று இந்த மாதிரி இருக்கும்.

மார்ச் 8, சனி

‘சென்னை அன்பருக்கு ஒன்று சொல்கிறேன். என் வாக்கியங்கள் சின்னதாக இருக்கின்றன. உங்களைப் போலப் படித்தவருக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்கு ஒரு அக்கா. அப்போது நான் ஒரு வயதுக் குழந்தை. அம்மா கோழிப்பண்ணை வேலைக்குப் போனாள். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அக்காவை நாலாம் வகுப்போடு நிறுத்தினார்கள். நான் கடைசி வரை படித்தேன். நீளமாக எழுதினால் அவளுக்குச் சிரமம். அதனால் சின்னதாக எழுதினேன். எழுத்தையும் பெரிதாக வைத்தேன். அவளுக்காகத்தான் இந்தப் பக்கம். கல்யாணத்தில் அட்டை கொடுத்ததும் அவளுக்காகத்தான். மற்றவர்கள் பைக்குள் போட்டது, அவளுக்கு மட்டும் கொடுத்தால் வெட்கப்படுவாள் என்று. அவள் படிக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு இந்தச் சின்ன வாக்கியமே பழகிவிட்டது.

இன்னொன்று. எருமப்பட்டி முருங்கைக்காய் சென்னையில் கிடைக்குமா? இங்கே ஒருவர் கொண்டுவந்தார். நல்ல சதை.’

சென்னைக்காரியிடம் முருங்கைக்காயைப் பற்றி எதற்குக் கேட்கிறாள் என்று தெரியவில்லை.

மத்தியானம் கடையைச் சாத்தி வைத்தேன். வெயில் அதிகம்.

மார்ச் 9, ஞாயிறு

வேறு எழுதுவதற்கில்லை.

மார்ச் 13, வியாழன்

மூன்று நாளாக யோசித்து இன்று உட்கார்ந்தேன். கீழே எழுதுவதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. முதலில் தமாஷாக ஆரம்பித்தேன். ‘அம்மா, சென்னை அன்பரின் முகவரி சந்தைப்பேட்டை, எருமப்பட்டி’ என்று. அழித்தேன். தமாஷ் இல்லாமல் ஒரு வரி எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று இத்தனை வயதில்தான் தெரிகிறது. கடைசியில் வந்தது இவ்வளவுதான்: ‘சுலோ. நான் சென்னை இல்லை. பாவாயி. எல்லாம் படித்தேன். பந்தியில் அப்படிச் சொன்னது தப்பு. மன்னிப்பு.’

இதில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். மன்னிப்புக்கு இரண்டு சுழியா, மூணு சுழியா. வீட்டுக்காரரிடம் கேட்டேன். “சின்னத் தப்புக்கு ரெண்டு, பெரிய தப்புக்கு மூணு” என்றார். மூணு போட்டேன்.

அனுப்பு என்று அழுத்தினால், நான் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்கச் சொல்கிறது. ஒன்பது படம் காட்டி, பஸ் இருக்கிற படத்தையெல்லாம் தொடச் சொல்லியது. ஒன்றில் பஸ்ஸின் பக்கக் கண்ணாடி மட்டும் தெரிந்தது. அது பஸ்ஸில் சேருமா சேராதா. தொட்டேன், தப்பு. தொடவில்லை, அதுவும் தப்பு. இரண்டு தடவை நான் இயந்திரம் என்றே முடிவு கட்டியது. மூன்றாவது தடவை வீட்டுக்காரர் வந்து பார்த்தார். ஓட்டுநர் என்பதால் பஸ் அவருக்குச் சரியாகத் தெரிந்தது.

விட்டது. ஆனால் இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி வந்து, எழுதியது காணாமல் போய்விட்டது. பக்கத்தைத் திறந்து பார்த்தேன், அங்கேயும் இல்லை. திரும்ப எழுதினேன். திரும்பக் காணோம். மத்தியானம் வரை எட்டுத் தடவை. ஒன்பதாவது தடவை எழுதும்போது போனே குறுக்கே புகுந்து, மூணு சுழியை இரண்டு சுழியாக மாற்றிக் காட்டியது. படித்த போன், சரி என்று விட்டுவிட்டேன். அதையும் காணோம்.

இரண்டு நாள்தான் இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

இழுத்தேன். ஒன்றும் விழவில்லை. வாசல் வழியாகவும் போனேன். ‘இன்று வந்தவர்கள்: 1’.

முட்டை விலை வந்தது. பார்க்கவில்லை.

மார்ச் 15, சனி

காலை பத்து மணி இருக்கும். நல்லசாமி அண்ணனுக்குத் தவிடு நிறுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பதினாறு மாதமாக வராத பெயர். எடுத்துக் காதில் வைத்தேன். அவள்தான் ஆரம்பித்தாள்.

“ஏக்கா, ஒம்போது தடவை எழுதியிருக்கற. ஒரு தடவை எழுதுனா எனக்குப் புரியாதா?”

போகவில்லை என்று நினைத்தேன் என்றேன். அவள் ஒப்புதல் கொடுக்காமல் அங்கே எதுவும் தெரியாதாம். அந்த இங்கிலீஷ் வரி அதுதானாம். நேற்றுப் பொழுது சாய்ந்துதான் கருத்துகள் சேருகிற பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள்.

எழுதியது போதாது என்று தோன்றியது. வாயால் செய்த தப்புக்கு வாயால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். நல்லசாமி அண்ணன் நிற்கிறார் என்றும் பார்க்கவில்லை.

“பந்தியில நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, சுலோ.”

அவள் பக்கம் புறா கத்துவது கேட்டது.

“ஊரே சிரிச்சது பரவால்லக்கா. சொன்னது நீயாப் போயிட்ட. அதான்.”

நான் ஆமாம் என்றேன். பிறகு கால் எப்படி என்றேன். எண்ணெய் நன்றாகக் கேட்டது என்றாள். முருங்கைக்காய் என்றேன். தெரியும் என்றாள். எது தெரியும் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தை இன்றைக்கு மூடுகிறாயா என்றேன். காலையிலேயே ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டாளாம், படிக்க ஆள் இருக்கும்போது எதற்கு மூடுவது என்றாள். சென்னை ஆள்தானே என்றேன். அந்த அம்மாவும் வரட்டும், நல்ல மாதிரி என்றாள்.

மத்தியானம் வரை பேசினோம். நல்லசாமி அண்ணன் தவிட்டை அவரே நிறுத்து அவரே கட்டிக்கொண்டு போனார்.

கடைசியில் அந்த ஒன்பது விஷயம் வந்தது. எட்டில் மூணு சுழி போட்டிருக்கிறேனாம், ஒன்றில் மட்டும்தான் எழுத்துப் பிழை இல்லையாம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் இன்றைக்குத் திரும்பவும் முகவரி அனுப்பியிருக்கிறாள், பிழையோடு பார்த்தால் அக்காவைச் சிரிப்பார்கள், அதனால் சரியானதை மட்டும் போட்டுவிட்டு மற்ற எட்டையும் அழித்துவிடுகிறேன் என்றாள். பேசிக்கொண்டே செய்தாள். முடிந்தது, பார் என்றாள்.

வாசல் வழியாகப் போய்ப் பார்த்தேன். சரியானதை அழித்திருக்கிறாள். மூணு சுழி எட்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஏறியிருக்கின்றன. எடுக்கத் தெரியவில்லை என்கிறாள். இன்று வந்தவர்கள் நாற்பத்தேழு. எல்லாம் அன்று பந்தியில் சிரித்தவர்களாகத்தான் இருக்கும்.